பாப் வாத்தியார் போட்ட கணக்கு

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று வரிசையாக நிலையங்கள் வரும். மறைமலை நகருக்கு அடுத்தது சிங்கப்பெருமாள் கோவில். மலையைக் குடைந்து செய்த குகைக் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்கும் ஊர். இங்கே சுவாமியை வலம் வர வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும்! கோயிலில் அழிஞ்சில் மரம் ஒன்றும் உண்டு. குழந்தை வரம் வேண்டி வருபவர்கள் அதை வணங்கிச் செல்வார்கள்.

இந்த ஊர்ப் பக்கம் உங்கள் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் சாலையின் இரு பக்கமும் வயல்தான் என்பார்கள். இப்போது அதே இடத்தில் அடுக்குமாடி வீடுகள். ஒரகடம் பக்கம் போகும் லாரிகள். தொழிற்சாலைப் பேருந்துகள். காலை ரயிலிலோ கால் வைக்க இடமில்லை!

கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போது பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஜனத்தொகை இப்படி ஏறிக்கொண்டே போனால் எல்லோருக்கும் சோறு கிடைக்குமா, தண்ணீர் கிடைக்குமா என்று கவலைப்படுவார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இதே கவலை இரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு பாதிரியாருக்கு வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு உலகத்தையே ஓர் உலுக்கு உலுக்கியது. நம் தமிழ்நாட்டையும் வந்து தொட்டது. அவர்தான் தாமஸ் ராபர்ட் மால்தஸ். அவருடைய கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

உதடு பிளந்த குழந்தை

1766-ஆம் ஆண்டு பிப்ரவரி 13 அன்று, லண்டனுக்குத் தெற்கே சர்ரே என்ற மாவட்டத்தில், டார்கிங் என்னும் ஊருக்கு அருகே மால்தஸ் பிறந்தார். அப்பா டேனியல் வசதியானவர், புத்தகப் பிரியர். ரூசோ, ஹ்யூம் ஆகிய பெரிய சிந்தனையாளர்கள் அவர் வீட்டுக்கு வந்தபோது நம் மால்தஸ் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. இன்று இப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே அறுவை சிகிச்சை செய்து சரி செய்துவிடுகிறார்கள். அப்போது அந்த வசதி இல்லை. அதனால் வாழ்நாள் முழுவதும் அவரால் பல எழுத்துகளைத் தெளிவாக உச்சரிக்க முடியவில்லை.

அதற்காக அவர் மூலையில் முடங்கிவிட்டாரா? இல்லை! 1784-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1788-இல் கணிதத் தேர்வில் ஒன்பதாவது இடம் பிடித்தார். பிறகு பாதிரியார் ஆனார். தினமும் பலர் முன்னால் பேச வேண்டிய வேலையைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனித்தீர்களா?

அப்பாவோடு ஒரு வாக்குவாதம்

சர்ரேயில் ஓக்வுட் என்ற ஒதுக்குப்புறமான சிற்றூரின் தேவாலயத்தில் மால்தஸ் பணி செய்தார். அங்கே இருந்தவர்கள் ஏழைக் கூலிக்காரர்கள். பெரும்பாலும் ரொட்டிதான் அவர்கள் சாப்பாடு. குழந்தைகளோ நிறைய.

கிராமத்துப் பையன்களைப் பற்றி மால்தஸ் ஒன்றைக் கவனித்தார். ஏர் ஓட்டும் ஒரு பையனைப் பார்த்தால் 14, 15 வயது இருக்கும் என்று தோன்றும். விசாரித்தால் 18, 19 என்று தெரியவரும். போதிய சாப்பாடு இல்லாமல் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. ஊர்ப்பக்கக் காற்றைக் குடித்தே பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்வார்கள் என்று நகரத்துக் கனவான்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. மால்தஸ் நேரில் பார்த்தவர். அவருக்கு உண்மை தெரியும்.

அந்த நேரத்தில் காட்வின் என்ற எழுத்தாளர் இங்கிலாந்தில் பிரபலமாக இருந்தார். மனிதர்கள் அறிவால் மேலும் மேலும் உயர்வார்கள், ஒருநாள் உலகில் ஏழ்மையே இருக்காது என்று அவர் எழுதினார். அப்பா டேனியலுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மகனோ மறுத்தார். வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வாக்குவாதம்!

வாயால் பேசித் தீராததை மகன் எழுத உட்கார்ந்தார். அது ஒரு புத்தகமே ஆகிவிட்டது. 1798-இல் மக்கள்தொகை பற்றிய அந்தப் புத்தகம் வெளிவந்தது. அட்டையில் எழுதியவர் பெயரே இல்லை.

இரண்டு உண்டியல்கள்

அதில் என்ன இருந்தது? ஒரு சின்ன விளையாட்டால் புரிந்துகொள்ளலாம்.

இரண்டு உண்டியல்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரண்டிலும் ஒவ்வொரு ரூபாய். அடுத்த நாளிலிருந்து முதல் உண்டியலில் தினமும் ஒரே ஒரு ரூபாய் போடுங்கள். இரண்டாவது உண்டியலில் இருப்பதைத் தினமும் இரண்டு மடங்காக்குங்கள். 1, 2, 4, 8, 16 என்று போகும். பத்தாம் நாள் திறந்து பாருங்கள். முதல் உண்டியலில் 10 ரூபாய். இரண்டாவதில் 512 ரூபாய்! அடேயப்பா!

முதல் உண்டியல்தான் உணவு, இரண்டாவது உண்டியல்தான் மக்கள்தொகை என்றார் மால்தஸ். தடை எதுவும் இல்லாவிட்டால் மக்கள்தொகை 25 ஆண்டுகளில் இரண்டு மடங்காகும். ஆனால் வயலில் விளைச்சலை அப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட முடியும். 225 ஆண்டுகளில் சாப்பாடு 10 மடங்கு என்றால் சாப்பிட வருபவர்கள் 512 மடங்கு!

அவ்வளவு பேர் எப்படி வாழ முடியும்? முடியாது. பஞ்சமும் நோயும் போரும் வந்து கூட்டத்தைக் குறைத்துவிடும் என்றார் அவர். இதைத் தவிர்க்க ஒரே வழி, தாமதமாகத் திருமணம் செய்து குறைவாகக் குழந்தை பெறுவதுதான் என்று பின்னால் விளக்கினார்.

புத்தகம் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. அந்தக் காலத்தில் பிரிட்டனில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது! 1801-இல்தான் அங்கே முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. எண்ணிப் பார்த்தால் சுமார் ஒரு கோடி பேர்.

நாடு நாடாகப் பயணம்

வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு போதாது என்று மால்தஸுக்கே தோன்றியது. 1799-இல் நண்பர்களோடு நார்வே, ஸ்வீடன் பக்கம் புறப்பட்டார். போன இடமெல்லாம் கையில் குறிப்பேடு. ரொட்டி என்ன விலை? கூலி எவ்வளவு? இங்கே எந்த வயதில் கல்யாணம் செய்கிறார்கள்? இதேதான் கேள்வி.

நார்வேயில் ஒரு பண்ணை வேலையாள் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கும்வரை திருமணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் அங்கே திருமணங்கள் தாமதமாக நடந்தன. பிறப்பும் குறைவு, இறப்பும் குறைவு. அமெரிக்காவிலோ பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் குடியேறியவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. அங்கே 25 ஆண்டுகளில் மக்கள்தொகை இரட்டிப்பானது. நாட்டுக்கு நாடு வளர்ச்சி ஏன் மாறுகிறது என்று மால்தஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். 1803-இல் புத்தகத்தைப் பெரிதாக்கி, இந்த முறை தன் பெயரோடு வெளியிட்டார். அதில் சீனாவைப் பற்றியும் இந்தியாவைப் பற்றியும்கூட எழுதினார். ஆனால் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

நாமும் இப்போது நாடுகளை ஒப்பிட்டுப் பார்ப்போமா? உங்கள் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறைக்குள் நெருக்கமாக இருக்கும். அதே 40 பேர் விளையாட்டு மைதானத்துக்குப் போனால் ஆளுக்கு ஒரு மூலை! ஆள் எண்ணிக்கை அதேதான், இடம்தான் வேறு. அதனால்தான் ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்று கணக்கிடுகிறார்கள். இதற்குப் பெயர் மக்கள் அடர்த்தி. நீளத்தில் ஒரு கிலோமீட்டர், அகலத்தில் ஒரு கிலோமீட்டர் உள்ள கட்டத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள்.

அந்தக் கட்டத்தில் மங்கோலியாவில் இருப்பவர்கள் சராசரியாக 2 பேர். ஆஸ்திரேலியாவில் சுமார் 3 பேர். நார்வேயில் சுமார் 15 பேர். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி 382 பேர். தமிழ்நாட்டில் 555 பேர். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்தில் சுமார் 434 பேர். வங்கதேசத்தில் 1,100 பேருக்கும் மேல். சிங்கப்பூரில் சுமார் 8 ஆயிரம் பேர். பழைய சென்னை மாவட்டத்திலோ 2011-இல் 26 ஆயிரத்துக்கும் மேல்!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சிங்கப்பூரில் சொல்லிக்கொள்ளும்படி வயல்களே இல்லை. ஆனாலும் அங்கே பஞ்சம் இல்லை. அப்படியானால் நெருக்கமாக வாழ்வதும் பட்டினியும் ஒன்றல்ல, இல்லையா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மால்தஸின் கதைக்குத் திரும்புவோம்.

வாத்தியார் ஆனார்

1804-இல் ஹேரியட் என்ற பெண்ணை மால்தஸ் மணந்தார். அப்போது அவருக்கு வயது 38. தாமதமாகத் திருமணம் செய்யுங்கள் என்று ஊருக்குச் சொன்னவர் தானும் அப்படியே செய்தார்! அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் பேராசிரியராக நியமித்தது. இந்தியாவை ஆளப் போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரி அது. பின்னர் ஹெய்லிபரி என்ற இடத்துக்கு மாறியது. அங்கே மால்தஸ் வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் பாப். மக்கள்தொகைக்கு ஆங்கிலத்தில் பாப்புலேஷன் என்று பெயர் அல்லவா? அதைச் சுருக்கி பாப் வாத்தியார் ஆக்கிவிட்டார்கள்!

புத்தகத்தைப் படித்தவர்கள் அவரைக் கல்நெஞ்சர் என்று திட்டினார்கள். பழகியவர்களோ அவர் மிகவும் மென்மையானவர் என்றார்கள். ஹேரியட் மார்ட்டினோ என்ற எழுத்தாளருக்குக் காது கேட்காது. ஒரு குழலைக் காதில் வைத்துத்தான் மற்றவர் பேச்சைக் கேட்பார். மால்தஸைச் சந்திக்கப் போகும்போது, அவருடைய தெளிவற்ற பேச்சு எனக்கு எங்கே புரியப் போகிறது என்று பயந்துகொண்டே போனார். கடைசியில் குழலே இல்லாமல் அவருக்கு நன்றாகப் புரிந்தது மால்தஸின் பேச்சுதான்!

1834 டிசம்பர் 29 அன்று மால்தஸ் பாத் என்ற நகரில் காலமானார். அங்குள்ள பெரிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் போய்விட்டார். அவர் போட்ட கணக்கு போகவில்லை.

கணக்கு மனிதர்களைத் தொட்டபோது

ஏழைகளுக்கு இலவச உதவி கொடுத்தால் அவர்கள் இன்னும் அதிகக் குழந்தைகள் பெறுவார்கள், ஏழ்மை மேலும் பெருகும் என்று மால்தஸ் நம்பினார். அவருடைய கருத்துகளின் தாக்கத்தால் 1834-இல் பிரிட்டனில் ஏழைகளுக்கான உதவிச் சட்டம் மிகவும் கடுமையாக்கப்பட்டது.

அவரிடம் ஹெய்லிபரியில் படித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டிரெவெலியன். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. அப்போது லண்டனில் நிவாரணப் பணத்தின் பொறுப்பு அவர் கையில்தான் இருந்தது. அதிகம் கொடுத்தால் மக்கள் கெட்டுப்போவார்கள் என்று அவர் கையை இறுக்கினார். சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். 1841-இல் அயர்லாந்துத் தீவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இன்றுவரை அந்த எண்ணிக்கையை அந்தத் தீவு மீண்டும் எட்டவில்லை! இதே டிரெவெலியன் 1859-இல் மதராஸ் கவர்னராகவும் வந்தார்.

அடுத்து நம் ஊர்ப் பக்கம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி அனுப்பப்பட்டார். அவரும் ஹெய்லிபரி கல்லூரியில் பின்னாளில் படித்தவர். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அவர் முடிவு செய்தார். நாட்டிலிருந்து தானியம் கப்பலில் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த அதே நேரத்தில்!

அப்போது ஒருவர் எதிர்த்துப் பேசினார். அவர் டாக்டர் கார்னிஷ். மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871-இல் இந்த மாகாணத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் இவரே. உழைக்கும் மனிதன் இவ்வளவு சாப்பாட்டில் உயிர் வாழ முடியாது என்று அவர் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன. 1871-இல் மாகாணத்தில் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து ஆண்டுகளில் கூடியிருக்க வேண்டிய தொகை 1881-இல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது.

மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலை ஒட்டிப் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறதே, பார்த்திருக்கிறீர்களா? அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தப் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த மக்கள் வெட்டிய கால்வாய் அது.

கணக்கு எங்கே தப்பியது?

மால்தஸ் எழுதி 225 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அப்போது உலக மக்கள்தொகை சுமார் 100 கோடி. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. சபை அறிவித்தது. 512 மடங்கு அல்ல, 8 மடங்கு! உணவும் தீர்ந்துபோகவில்லை. ஏன்?

முதல் காரணம், விளைச்சலை எவ்வளவு கூட்ட முடியும் என்பதை அவர் குறைவாக மதிப்பிட்டார். ரசாயன உரமும், பாசனமும், புதிய விதைகளும் வந்தன. இந்தியாவில் 1951-இல் 36 கோடிப் பேர். 2023-இல் சுமார் 143 கோடிப் பேர். அதாவது 4 மடங்கு. உணவு தானியமோ 1950-51-இல் சுமார் 5 கோடி டன். 2022-23-இல் சுமார் 33 கோடி டன். 6 மடங்குக்கும் மேல்! இந்தப் பசுமைப் புரட்சிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். உணவு அமைச்சராக இருந்து அதற்குத் துணை நின்றவர் சி. சுப்பிரமணியம். மால்தஸ் வயிறுகளை எண்ணினார். அந்த வயிறுகளோடு மூளையும் இரண்டு கைகளும் வரும் என்பதற்குப் போதிய மதிப்பெண் போடவில்லை.

இரண்டாவது காரணம், மக்களே மாறினார்கள். பிறந்த குழந்தைகள் பிழைத்தன, பெண்கள் படித்தார்கள், மருத்துவ வசதி பெருகியது. யாரும் பட்டினி போட்டு மிரட்டாமலேயே குடும்பங்கள் சிறிதாயின. இதற்கு நம் தமிழ்நாடே சாட்சி. இங்கே இப்போது ஒரு தாய்க்குச் சராசரியாக இரண்டு குழந்தைகளுக்கும் குறைவு. உங்கள் பாட்டியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். ஜப்பானில் மக்கள்தொகை குறைந்துகொண்டே வருகிறது. அங்கே ஆள் போதவில்லை என்பதுதான் கவலை!

அப்படியானால் மால்தஸ் சொன்னது முழுவதும் தப்பா? அதுவும் இல்லை. பூமிக்கு எல்லை உண்டு என்று அவர் சொன்னதை மறக்க முடியாது. சிங்கப்பெருமாள் கோவிலில் வயல் வீடாகலாம். ஏரியும் வீடானால்? கோடையில் குடிக்கத் தண்ணீர் இருக்காது; மழையில் வெள்ளம் வீட்டுக்குள் வரும். 2015-இல் தாம்பரம் பக்கம் வெள்ளத்தையும், 2019-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சத்தையும் பார்த்தோமே! கூட்டம் எவ்வளவு என்பதோடு, இருக்கிற நிலத்தையும் நீரையும் எப்படிக் காக்கிறோம், எப்படிப் பங்கிடுகிறோம் என்பதும் முக்கியம்.

இந்தியாவின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அம்மா, அப்பா, பாட்டி எல்லோர் பெயரையும் எழுதும்போது உங்கள் பெயரும் எழுதப்படும். அத்தனை கோடியில் நீங்களும் ஒன்று.

கூட்டமான ரயிலில் நிற்கும்போது எதற்கு இத்தனை ஜனம் என்று உங்களுக்கும் எரிச்சல் வரலாம். அப்போது அந்தக் கோயில் அழிஞ்சில் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் நிற்கும் ஒவ்வொருவரும் யாரோ ஒரு தாய் வேண்டிப் பெற்ற பிள்ளைதான். பாப் வாத்தியாரின் கணக்கில் விட்டுப்போனது அதுதான்!